ஓடலாம் என்று சொன்ன பிறகு

வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. இன்னும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கேயாவது மோட்டார் சைக்கிள் உறுமும் சத்தம் கேட்டால் என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறது. நாடி பார்க்கிறேன் என்பதே சற்று நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். என் மனைவி சிரிப்பாள். "இப்ப யாரு விழுந்துட்டாங்க?" என்று கேட்பாள்.

நான் டொக்டர் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவனாக இருந்தேன். ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் எல்லாருக்கும் நான் டொக்டரையாதான். இதைத் தவிர இன்னொரு பெயரும் உண்டு. மோட்டோகுரோஸ் என்கிற மண்பாதை மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடுகிறவர்கள் மத்தியில் என்னை 'மருந்து' என்பார்கள். முதலில் ஆறு வருஷம் அவர்களோடு சேர்ந்து ஓடினேன். பிறகு இருபது வருஷத்துக்கு மேல், அவர்கள் விழுந்தால் தூக்குகிறவனாக ஓரத்தில் நின்றேன்.

போன மாதம் ஹாலிஎலவில் ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பந்தயத்துக்குப் படித்த டொக்டர் வரவேண்டும், இரண்டு அம்பியூலன்ஸ் நிற்கவேண்டும், விழுந்த ஆள் மறுபடி ஓடுவதற்கு முன் படிவம் நிரப்பவேண்டும். நல்ல விஷயம். அந்த வகுப்பில் தர்ஷினி என்று ஒரு இளம் தாதி எழுந்து என்னைக் கேட்டாள். "ஐயா, நீங்க அந்தக் காலத்துல எவ்வளவு நேரம் பாத்துட்டு ஓடலாம்னு சொல்லுவீங்க?"

"அரை மணி நேரம்" என்றேன்.

"ஏன் அரை மணி நேரம்?"

சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டதைச் சாக்காக வைத்து அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். நான் உயர்தரம் முடித்து, ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் கட்டுப் போடவும் ஊசி போடவும் பழகி, பரீட்சை எழுதித் தேறி, நமுனுகுல மலையடியில் இருந்த ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்தத் தோட்டத்துக்கு மூன்று டிவிசன். மேல் டிவிசனுக்கு ஏழு மைல் ஏற்றம். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டது என்று எந்த நேரமும் ஆள் வரும். தோட்டம் எனக்கு ஒரு பழைய நூற்றிருபத்தைந்து சீசீ மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, மழையில் வழுக்கும் கொழுந்து லொறி ரோட்டில், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பள்ளம் என்று ஓடி ஓடியே எனக்கு ஓட்டக் கை வந்துவிட்டது. அது திறமை என்று அப்போது தெரியாது. பயத்தில் ஓடினேன், அவ்வளவுதான். நான் போய்ச் சேருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மானாப்புல் போட்டிருந்த ஒரு மலையை, புல்லை அறுத்த பிறகு, பந்தயத்துக்கு விட்டிருந்தார்கள். ஒரு ஞாயிறு வேடிக்கை பார்க்கப் போனேன். அடுத்த பந்தயத்துக்கு ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டு நானும் போய் நின்றேன். தோட்டத்து மோட்டார் சைக்கிளில் அல்ல. பண்டாரவளை கராஜ் ஒன்றில் இரண்டாம் கையாக வாங்கிய ஒன்றில். பத்தொன்பது பேரில் பதினெட்டாவதாக வந்தேன். அன்று நான் பட்ட சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூடப் படவில்லை. இதை மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்கான பலனையும் அனுபவித்திருக்கிறேன்.

அப்போது ஓட்டம் தொடங்கும் இடத்தில் இரும்புக் கேட் எல்லாம் கிடையாது. வரிசையாக நிற்கும் எங்கள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு ரப்பர் நாடா இழுத்துக் கட்டியிருக்கும். அது ஒரு பக்கம் அறுந்து பாய்ந்தால் நாங்கள் பாயவேண்டும். அந்த நாடா பாய்வதற்கு முந்தின அரை நிமிஷம்தான் எனக்குப் பெரிய சோதனை. வாய் காய்ந்துவிடும். முழங்கால் நடுங்கும். இஞ்சின் நடுக்கத்தில் அது வெளியே தெரியாது என்பது ஒரு ஆறுதல். பிறகு முதல் வளைவில் இருபது மோட்டார் சைக்கிளும் ஒரே இடத்துக்குள் நுழையப் பார்க்கும். முன்னால் போகிறவனின் பின்சக்கரத்திலிருந்து செம்மண் கட்டி கட்டியாகப் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். கண்ணுக்குப் போட்டிருக்கும் கண்ணாடி உடைந்தால் புதிதாக வாங்க வசதியில்லை. நோயாளிகள் பெரியாஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து டிஸ்பென்சரியில் விட்டுப்போன பழைய எக்ஸ்ரே படங்களைக் காரத்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் செருகிக்கொள்வேன். எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றில் மட்டும் லேசாக விலா எலும்பு தெரியும். யாரோ ஒருவருடைய நெஞ்சுக்கூட்டின் வழியாகத்தான் ஒரு வருஷம் முழுவதும் பாதையைப் பார்த்தேன்.

தாவல் என்கிற மண்மேட்டில் ஏறி, சக்கரம் நிலத்தை விட்டதும் ஒரு நொடி எல்லாச் சத்தமும் அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். எதிரே நமுனுகுல மலை, கீழே தெமோதரைப் பக்கம் போகும் ரயில் பாதை, ஓரத்தில் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் சனங்கள். அந்த ஒரு நொடியில் என்னிடம் மருந்து கேட்டு யாரும் வரமுடியாது. நான் அவ்வளவு ஆசைப்பட்டது அதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறாவது வருஷம் ஒரு பயிற்சி ஓட்டத்தில் இடது கையை ஊன்றி விழுந்தேன். பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் குழியில், அழுத்தினால் உயிர் போகும் வலி. அது என்ன எலும்பு, முறிந்தால் எப்படி வலிக்கும் என்று எனக்கே தெரியும். அடுத்தவர் கையாக இருந்தால் மாவுக்கட்டுப் போடப் பதுளைக்கு அனுப்பியிருப்பேன். முதலுதவிக்கு நின்றவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். "வலிக்குதா?" என்று கேட்டார்.

"கிளச் புடிச்சுப் புடிச்சு வலிக்குது சேர். எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

அவர் நம்பினார். டிஸ்பென்சர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்?

அன்றைய பந்தயத்தின் மூன்றாவது சுற்றில், இறக்கத்து வளைவில், கிளச்சைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. மோட்டார் சைக்கிள் நேரே போய்ப் பக்கத்தில் வந்த நிமலை இடித்தது. நிமல் ஹாலிஎலவில் பஸ் கண்டக்டர். எனக்குத் தேங்காய் ரொட்டி கொண்டுவந்து தருகிற சிநேகிதன். அவன் கால் அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு தேயிலைக் கட்டைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. முறிந்த எலும்பு வெளியே தெரிந்தது. நான் ஒற்றைக் கையால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைத் திட்டவில்லை. "மச்சான், ஒனக்குக் கை என்னாச்சு?" என்று கேட்டான்.

நிமல் எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. பிறகு போனான். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டான். நான் மோட்டார் சைக்கிளை விற்றேன். அடுத்த பந்தயத்துக்கு முதலுதவிப் பெட்டியோடு போய் நின்றேன். பொய் சொல்கிறவனை இன்னொரு பொய்க்காரன் கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்தேன்.

அந்தப் பந்தயங்களை நடத்தியவர் குணதாச என்ற சிங்களவர்; மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். பட்டாளத்தில் சார்ஜன்டாக இருந்து விலகியவர். மெலிந்த ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பந்தய நாளில் விடிந்ததும் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு குடைக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பாதை முழுவதும் தனியாக நடப்பார். ஒவ்வொரு தாவலுக்கும் அந்தப் பக்கம், சக்கரம் வந்து இறங்கும் இடத்தில், கம்பியை மண்ணில் குத்திப் பார்ப்பார். நாலு விரலுக்கு மேல் இறங்கினால் மண்வெட்டிக்காரரைக் கூப்பிடுவார். பிறகு கொடி பிடிப்பவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "மஞ்சள் கொடி எப்போ?" ஆள் விழுந்தால் என்று சொன்னால் போதாது. "விழுந்த ஆள் எந்திரிச்சாலும், மோட்டார் சைக்கிள் பாதையை விட்டுப் போகிற வரைக்கும்" என்று முழுதாகச் சொல்லவேண்டும். தவறினால் கொடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கோபப்பட மாட்டார். "சாப்பிட்டுப் போங்க" என்பார்.

என்னிடம் முதல் நாளே சொன்னார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

"ஐயா, எனக்கு ஒங்கக்கிட்ட இருந்து ரெண்டு வார்த்தையில ஒண்ணுதான் வேணும். ஓடலாம். இல்லாட்டி ஓடக்கூடாது. பாப்போம், கொஞ்சம் பொறுங்க, அவரு இஷ்டம், இதெல்லாம் எனக்கு வேணாம். நீங்க சொன்னா சொன்னதுதான். நான் மாத்த மாட்டேன். மந்திரி மகனா இருந்தாலும் மாத்த மாட்டேன்."

சொன்னதை ஒரு சின்னக் கொப்பியில் பென்சிலால் எழுதிக்கொள்வார். ஓட்டக்காரனின் நம்பர், நேரம், என் வார்த்தை. பந்தயத்துக்கு முந்தின நாள் சோறு இறங்காது. மனைவி கேட்பாள், "நீங்களா ஓடப் போறீங்க?" ஓடிய காலத்தில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. அப்போது உடையப்போவது என் எலும்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். விழுந்தவனிடம் முதலில் பெயரைக் கேட்பேன். என்ன கிழமை, எத்தனையாவது சுற்று, யார் முன்னால் போனது. கேட்டுக்கொண்டே கண்ணைப் பார்ப்பேன். கழுத்து எலும்பை ஒவ்வொன்றாகத் தொடுவேன். தோள் எலும்பின் மேல் விரலை ஓட்டுவேன். விலாவை இரு பக்கமும் கை வைத்து உள்நோக்கி அழுத்துவேன். வயிற்றை நாலு மூலையிலும் அழுத்துவேன். பிறகு என் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். கடைசியாக ஒற்றைக் காலில் நிற்கவைப்பேன். நாடி, பிரஷர். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்.

யோகநாதன் விழுந்த அன்றும் இதையெல்லாம் செய்தேன்.

யோகன் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் டிரக்டர் ஓட்டியவன். இருபத்தாறு வயது. அம்மா கொழுந்தெடுப்பவர். அப்பா இல்லை. லயத்திலிருந்து வந்து முதல் வரிசையில் ஓடியவர்களில் அவனைப் போல் ஒருவனை நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் தாவலில் மேலே பறப்பார்கள். இவன் தாழ்வாகப் பறந்து சீக்கிரம் தரையைத் தொட்டு, அவர்கள் இறங்குவதற்குள் அடுத்த வளைவுக்குப் போய்விடுவான். அன்று கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவனைத் தங்கள் குழுவில் எடுக்க நினைக்கிறார்கள் என்று பேச்சு. அவனுக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்த பதுளைக் கடை முதலாளியும் குடும்பத்தோடு வந்திருந்தார். யோகனின் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறையச் சனம். அவன் அம்மாவும் வந்திருந்தார்.

இரண்டாவது ஓட்டத்தில், பழைய லயத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய தாவலின் உச்சியில், முன்னால் போனவன் தடுமாறினான். யோகன் விலகப் பார்த்து வலது பக்கமாகச் சரிந்தான். நான் ஓடிப் போய்ச் சேருவதற்குள் எழுந்து நின்று ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். சனம் கைதட்டியது.

"ஒண்ணுமில்ல டொக்டரையா. ஹேண்டில் வந்து லேசா இடிச்சிருச்சு."

"எங்க?"

"இங்கதான்" என்று இடது விலாவைத் தொட்டான். "காத்து அடைச்சுக்கிச்சு. இப்ப சரி."

கூடாரத்துக்குக் கூட்டிவந்தேன். பெயர், கிழமை, சுற்று எல்லாம் சரியாகச் சொன்னான். கழுத்து நல்லாயிருந்தது. விலாவை அழுத்தினேன், முகம் சுளிக்கவில்லை. வயிற்றை அழுத்தினேன். இறுக்கமாக இருந்தது. டிரக்டர் ஓட்டும் உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாடி தொண்ணூற்றிரண்டு. இப்போதுதான் பந்தயத்தில் ஓடி விழுந்தவனுக்கு அது சாதாரணம். பிரஷர் சரி. ஒற்றைக் காலில் நின்றான்.

"வேற எங்கயாவது வலிக்குதா?"

"இடது தோளு கொஞ்சம். கிளச் புடிச்சுப் புடிச்சு வலிக்குது. எல்லாருக்கும் வர்றதுதானே."

குணதாச மாத்தயா கூடார வாசலில் கொப்பியோடு நின்றார். அவர் என்னைப் பார்த்தார். யோகனும் என்னைப் பார்த்தான். கொழும்பிலிருந்து வந்தவர்களில் ஒருவர் வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடலாம்" என்றேன்.

பென்சில் எழுதிய சத்தம் கேட்டது.

கடைசி ஓட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இடையில் சின்னப் பிள்ளைகளின் ஓட்டம் ஒன்று நடந்தது. யோகன் கூடாரத்துக்கு வெளியே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். நான் ஒருவனுக்கு முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கண் அவன் மேலேயே இருந்தது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ ஒன்று சரியில்லை. என்ன அது?

அவன் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் குடித்து முடித்தான். இன்னொன்று வாங்கினான். அன்று வெயில் இல்லை. மேகம் இறங்கி, மற்றவர்கள் எல்லாம் குளிருக்குச் சூடான பிளேன்டீக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

மாற்றுச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார் அவன் அம்மா. அவன் கழற்றிப் போட்ட பந்தயச் சட்டை புல்லில் கிடந்தது. மருந்து போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. சட்டையின் வலது பக்கம் முழுவதும் சேறு. தோள், முழங்கை, இடுப்பு எல்லாம். இடது பக்கம் சுத்தமாக இருந்தது. வலது பக்கம் விழுந்தவனுக்கு இடது தோள் ஏன் வலிக்கிறது?

கிளச் பிடித்தால் முன்கை வலிக்கும். மணிக்கட்டு வலிக்கும். தோளின் உச்சி வலிக்காது. இது எனக்குத் தெரியாதா? ஆறு வருஷம் கிளச் பிடித்தவன். அந்தப் பொய்யைச் சொன்னவன். வயிற்றுக்குள், இடது பக்கம் மேலே இருக்கும் மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்தால், தாகம் எடுக்கும், வலி அங்கே தெரியாமல் தோளில் தெரியும் என்று படித்திருந்தேன். ஒரு தடவைகூட கண்ணால் பார்த்ததில்லை. பரீட்சைக்குப் படித்த ஒரு வரி. அவ்வளவுதான்.

நான் எழுந்து வெளியே போவதற்குள் யோகன் அங்கே இல்லை. ஹெல்மட் போட்டுக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டான். இஞ்சின்கள் எல்லாம் உறுமத் தொடங்கியிருந்தன.

ஓடினேன். அந்த நாற்பது கஜ தூரத்தில் என் மண்டைக்குள் என்னவெல்லாம் ஓடியது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால்? ஒரு லயத்துப் பையனின் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வரும் சந்தர்ப்பத்தை, புத்தகத்தில் படித்த ஒரு வரிக்காக நான் கெடுத்துவிட்டால்? அவன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? தப்பாக இல்லாவிட்டால்? தாவலில் ஒருமுறை இறங்கினால் போதும். தாங்காது.

ரப்பர் நாடாவுக்கு முன்னால் போய், இருபது மோட்டார் சைக்கிளுக்கு எதிரே, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். நாடாவை விடுகிறவர் கை வைத்துவிட்டிருந்தார். யாரோ ஓரத்தில் கத்தினார்கள். குணதாச மாத்தயா சிவப்புக் கொடியைத் தூக்கினார். இஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

யோகனுக்குப் பக்கத்தில் போய் அவன் கையுறையைக் கழற்றினேன். உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. நாடி நூற்றுப் பன்னிரண்டு.

"எறங்கு யோகன்."

"ஏன்? நீங்கதானே ஓடலாம்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப எறங்கு."

அவன் ஹெல்மட்டுக்குள்ளிருந்து என்னைத் திட்டினான். நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள். என் தாயையும் இழுத்தான். கொழும்பு ஆட்கள் பக்கமிருந்து ஒருவர், "என்ன இது, ஒருக்கா சொன்னதை மாத்துறதா?" என்று கேட்டார். கடை முதலாளி ஓடிவந்து, "டொக்டரையா, பெடியன் நல்லாத்தானே இருக்கான், பாருங்க" என்றார். லொறியில் வந்த சனம் கூ போட்டது. அதில் பாதிப் பேரின் வீட்டில் நான் பிரசவம் பார்த்திருக்கிறேன்.

குணதாச மாத்தயா மட்டும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். "ஐயா, ஒரு வார்த்தை" என்றார்.

"ஓடக்கூடாது."

அவர் யோகனின் மோட்டார் சைக்கிள் சாவியைத் திருப்பி எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று அம்பியூலன்ஸ் இல்லை. கடை முதலாளியின் வான் வண்டியில் பின் இருக்கையை மடக்கி அவனைக் கிடத்தினோம். கிடத்தியதும், இடது தோளைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று கத்தினான். அது போதும், எனக்கு நிச்சயமாகிவிட்டது. காலுக்குக் கீழே மடித்த சாக்கு வைத்து உயர்த்தினேன். கம்பளி போர்த்தினேன். தண்ணீர் கேட்டான், கொடுக்கவில்லை. ஒபரேசனுக்குப் போகவேண்டிய உடம்பு. அவன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, "ஒரு வாய் தண்ணி குடுங்கய்யா, கேக்குறானே" என்று அழுதார். ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கச் சொன்னேன்.

பதுளைக்கு நாற்பது நிமிஷம். அந்த ரோட்டில் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம், "வேகமா போங்க" என்பேன். குலுங்கினால், "மெல்ல, மெல்ல" என்பேன். கையில் நாடி. நூற்றிருபது. நூற்றிருபத்தாறு. ஹாலிஎல தாண்டும்போது எண்ண முடியவில்லை. அவன் முகம் தாளைப் போல் வெளிறிவிட்டது. திட்டுவதை நிறுத்திவிட்டான். அவன் திட்டிக்கொண்டே வந்திருக்கலாமே என்று இருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். விழுந்த நேரம், இடித்த இடம், ஒவ்வொரு நாடியும் நேரத்தோடு. நான் ஓடலாம் என்று சொன்ன நேரத்தை எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. மூன்று மணி நேரம் கழித்து சேர்ஜன் வெளியே வந்தார். வயிறு முழுக்க ரத்தம் இருந்தது, மண்ணீரலை எடுத்துவிட்டோம், பிழைத்துக்கொள்வான் என்றார். அவன் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் குணதாச மாத்தயா வீட்டுக்குப் போனேன். முதலில் நான் சொன்னது தப்பு, அந்த வரியை வெட்டிவிடுங்கள், அல்லது இனி என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் கொப்பியை எடுத்துக் காட்டினார். ஓடலாம், அதற்கு நேராக நேரம். கீழே, ஓடக்கூடாது, அதற்கு நேராக நேரம். இரண்டுக்கும் இடையே முப்பத்திரண்டு நிமிஷம்.

"வெட்ட மாட்டேன் ஐயா. ரெண்டும் நீங்க சொன்னதுதான்" என்றார். பிறகு, "அடுத்த பந்தயம் வர்ற மாசம். இனிமே விழுந்த ஆளுக்கு ஒங்க வார்த்தைய நான் அரை மணி நேரத்துக்கு அப்புறம்தான் கேப்பேன். அதுக்கு முன்னால நீங்க சொன்னாலும் எழுத மாட்டேன்" என்றார்.

அப்படித்தான் அந்த அரை மணி நேரம் வந்தது. அதனால் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. ஒவ்வொருவரின் அரை மணி நேரத்தையும் நான் கூடாரத்துக்குள் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் கழித்தேன். போதும், இன்றோடு விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு பந்தயத்திலும் நினைப்பேன்.

யோகனை ஏழெட்டு மாதம் நான் பார்க்கவில்லை. கொழும்பு ஆட்கள் வேறு ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். அவன் மறுபடி டிரக்டர் ஓட்டுகிறான் என்றார்கள். என் மேல் கோபம், என் பெயரைச் சொன்னால் எழுந்து போகிறான் என்றும் சொன்னார்கள். அது எனக்கு நியாயமாகவே பட்டது. இரண்டு கோபம் நியாயம். நிறுத்தியதற்கு ஒன்று, முதலிலேயே நிறுத்தாததற்கு ஒன்று.

ஒரு நாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, டிஸ்பென்சரிக்கு வந்தான். கொஞ்சம் மெலிந்திருந்தான். ஊசி போட்டுக்கொள்ள வந்ததாகச் சொன்னான். மண்ணீரல் இல்லாதவர்கள் போட்டுக்கொள்ளவேண்டிய ஊசி. பதுளையில் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டினான். போட்டேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, போகாமல் உட்கார்ந்திருந்தான். நானே ஆரம்பித்தேன்.

"யோகன், அன்னைக்கு மொதல்ல நான் ஓடலாம்னு சொன்னது தப்பு. அது எனக்கு மனசுலயே இருக்கு."

அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும் டொக்டரையா" என்றான். "கூடாரத்துல ஒங்க முன்னால நிக்கும்போதே தெரியும். உள்ளுக்குள்ள ஏதோ ஒடஞ்சிருச்சுன்னு. நீங்க வயித்த அமுக்குறப்ப மூச்ச இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். ஆனா நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னுதான் நெனச்சேன். வேணாம்னு சொல்லிருவாரு, சொல்லிருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க ஓடலாம்னு சொன்னதும் எனக்குப் பயம் வந்துருச்சு. இனி யாரு என்னைய நிறுத்துவா?"

வெளியே பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வந்து நிறுத்தினப்ப ஏன்டா அப்படித் திட்டின?" என்று கேட்டேன்.

அவன் பஞ்சை எடுத்துப் பார்த்தான். ரத்தம் நின்றிருந்தது. பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தான்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்களே டொக்டரையா" என்றான்.